ஜாகுவார் சி-எக்ஸ்75: டர்பைனோடு பிறந்து, டர்பைன் இல்லாமல் ஓடிய கார்

வரைபலகை (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கார் இது. ஹைப்ரிட் (மின்மோட்டாரும் எரிபொருள் இன்ஜினும் சேர்ந்த) ஸ்போர்ட்ஸ் கார் என்று பேச்சு எடுத்தாலே போர்ஷே 918, மெக்லாரன் பி1, லாஃபெராரி என்று மூன்று பெயரோடு முடித்துவிடுகிறோம். அந்த வரிசையில் நான்காவதாக நின்றிருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எனக்கு அந்த மூன்றையும்விட இதுதான் பெரிதாகப் படுகிறது.

2010 பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜாகுவார் சி-எக்ஸ்75 என்ற கான்செப்ட் காரை, அதாவது விற்பனைக்கு அல்லாத முன்மாதிரியைக் காட்டியது. ஜாகுவார் என்ற பெயர் முதன்முதலில் ஒரு காரில் ஏறியது 1935இல். அதிலிருந்து 75 வருடம், அதனால் அந்த எண். டாடா மோட்டார்ஸ் 2008இல் ஃபோர்டிடமிருந்து கம்பெனியை வாங்கி இரண்டு வருடம் கடந்திருந்த நேரம்.

சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மின்மோட்டார்கள். ஒவ்வொன்றும் 145 கிலோவாட், மொத்தம் 580 கிலோவாட், அதாவது 778 குதிரைத்திறன். முறுக்குவிசை 1,600 நியூட்டன் மீட்டர். 19.6 கிலோவாட் மணி பேட்டரி. மின்சாரத்தில் மட்டும் 110 கி.மீ. போகும். பேட்டரி இறங்கினால் மறுபடி நிரப்ப, வழக்கமான பெட்ரோல் இன்ஜின் கிடையாது. இருக்கைக்குப் பின்னால் இரண்டு குட்டி கேஸ் டர்பைன்கள். ஒன்றின் எடை 35 கிலோ, வேகம் நிமிடத்துக்கு 80,000 சுற்று, தருவது 70 கிலோவாட். இரண்டும் சேர்ந்தால் மொத்தம் 900 கி.மீ. போகலாம் என்றார்கள். 100 கி.மீ. வேகத்துக்கு 3.4 வினாடி, உச்ச வேகம் 330.

எண்களைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது உடம்புதான். டர்பைனுக்குக் காற்று வேண்டும், சாதாரண இன்ஜினைவிடப் பல மடங்கு. அந்தக் காற்று எந்த வழியாக வரும் என்பதிலிருந்துதான் இந்தக் காரை வரைய ஆரம்பித்திருக்கிறார்கள். இருக்கைகள் நகராது, பின்சுவரோடு பொருத்தப்பட்டவை. ஸ்டியரிங், மீட்டர் பலகை, பெடல் எல்லாம்தான் ஓட்டுநரை நோக்கி வரும். இருக்கை நகராததால் அதைச் சுற்றியுள்ள துளைகள் வழியாகவே டர்பைனுக்குக் காற்றுப் பாதை விட முடிந்தது. வெளியில் பார்க்கிற அழகும் உள்ளே இருக்கிற பொறியும் ஒரே கையால் போட்ட கோடு மாதிரி இருக்கிறது.

இந்தக் காரை எப்படி எடைபோடுவது? டர்பைன் வெறும் காட்சிக்கு வைத்ததா, அல்லது உண்மையிலேயே ஒரு வழியா? எல்லாரும் சொல்லுங்கள்.

---

லாசப்பல்_ரூபன்

தம்பி, அந்தக் கண்காட்சிக்கு நான் போயிருந்தேன். பாரிசில் போர்த் து வெர்சாயில்தான் நடக்கும், எங்கட வீட்டிலிருந்து மெட்ரோவில் ஒரே ஓட்டம். அன்றைக்குச் சனம் என்றால் சனம். ஜாகுவார் மேடைக்குக் கிட்டப் போகவே கனநேரம் எடுத்தது.

படத்தில் பார்க்கிறதுக்கும் நேரில் பார்க்கிறதுக்கும் இடையில் பெரிய வித்தியாசம். உயரம் 1.2 மீட்டர்தான், என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. அகலம் 2 மீட்டருக்கு மேல். அவ்வளவு பதிவாக, அவ்வளவு அகலமாக ஒரு சாமான் தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்போது மேலிருந்து கீழே பார்க்கிற மாதிரித்தான் பார்க்க வேண்டும். முன் சில்லுக்கு மேலே எழும்புகிற அந்த வளைவு, பிறகு கதவில் உள்ளே விழுந்து, பின் சில்லில் திரும்ப எழும்புகிறது. மூன்றே மூன்று அசைவு. வடிவு என்றால் அதுதான்.

பின்கண்ணாடிக்குள்ளே எட்டிப் பார்த்தேன். இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு டர்பைன் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தது. அவ்வளவு சின்னது. என்னோடு வந்த சிநேகிதன் மெக்கானிக், இருபது வருஷமாகக் கராஜில் நிற்கிறவர். அவர் கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, “இதுக்கு எண்ணெய் எங்கே மாத்துறது?” என்று மட்டும் கேட்டார்.

---

புதுவண்டி

அடிப்படையான ஒரு சந்தேகம். டர்பைன் என்றால் ஜெட் விமானத்தில் இருக்கிறதுதானே? பின்னால் வருகிற வண்டி மேல் அனல் அடிக்காதா?

---

மின்கலம்

@புதுவண்டி நல்ல கேள்வி. ஜெட் விமானத்தில் வெளியே பீய்ச்சும் காற்றே தள்ளுவிசை. இங்கே அப்படி இல்லை. எரிந்த வாயுவின் சக்தி தண்டைச் சுழற்றுவதிலேயே செலவாகிறது, அந்தத் தண்டு ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது, ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது. சக்கரத்துக்கும் டர்பைனுக்கும் இடையில் ஒரு பல்சக்கரம்கூடக் கிடையாது. வெளியே வருகிற வாயு சூடுதான், ஆனால் தள்ளுவதற்காக விடுவது அல்ல.

டர்பைனுக்கு ஒரு நல்ல குணமும் ஒரு கெட்ட குணமும் உண்டு. ஒரே வேகத்தில், ஒரே சுமையில் ஓடவிட்டால் சுகமாக ஓடும்; டீசல், எரிவாயு, தாவர எண்ணெய் என்று எதைக் கொடுத்தாலும் எரிக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தால் எரிபொருளை விழுங்கும், மிதித்த உடனே எழுந்திருக்கவும் செய்யாது. அதனால் சக்கரத்தோடு நேராக இணைத்த டர்பைன் கார் என்றைக்கும் சரிப்பட்டதில்லை. நடுவில் பேட்டரி வந்துவிட்டால் அந்தக் கெட்ட குணத்துக்கு வேலையே இல்லை. மிதிப்பதற்குப் பேட்டரி பதில் சொல்லும், டர்பைன் தன் போக்கில் ஒரே சுதியில் ஓடிக்கொண்டிருக்கும். ஹைப்ரிட்டுக்குள் டர்பைனை வைத்ததில் இதுதான் சங்கதி.

இப்போது வரைபலகை கேட்டதற்கு வருகிறேன். என் கருத்தில், இந்தக் காரின் உண்மையான எண் 778 அல்ல. 140க்கும் 580க்கும் உள்ள விகிதம்தான். டர்பைன்கள் தருவது 140 கிலோவாட், மோட்டார்கள் கேட்பது 580. கால் பங்குகூட இல்லை. முழுமூச்சில் மிதித்தால் மீதி 440 கிலோவாட்டைப் பேட்டரி தர வேண்டும். நம் வீட்டு மீட்டர் கணக்கில் சொன்னால் பேட்டரியில் இருப்பது 19.6 யூனிட். 440ஆல் வகுத்துப் பாருங்கள், 160 வினாடி. மூன்று நிமிடத்துக்கு முன்பே 778 குதிரைகள் 190க்கும் கீழே குறைந்துவிடும்.

---

வரைபலகை

@மின்கலம் கணக்கு சரி. ஆனால் எந்தச் சாலையில் 160 வினாடி முழுமூச்சில் மிதிப்பீர்கள்? ரேஸ் டிராக்கில்கூடத் திருப்பத்துக்குத் திருப்பம் பிரேக் பிடிக்க வேண்டும், பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்பி வரும்.

---

மின்கலம்

சரி, அப்படியானால் இன்னும் நியாயமாகப் போட்டுப் பார்ப்போம். காற்றுத் தடைக் குணகம் 0.32. முகப்புப் பரப்பு 2 சதுர மீட்டர் என்றும், ஆளோடு சேர்த்து ஒன்றரை டன் என்றும் வைத்துக்கொள்கிறேன், இது என் ஊகம். 330 கி.மீ. வேகத்தைத் தாங்கிப் பிடிக்க ஏறக்குறைய 315 கிலோவாட் வேண்டும். டர்பைன் 140 தருகிறது, பேட்டரி 175 தர வேண்டும். ஆறரை நிமிடம் சொச்சம் வரும். அந்த வேகத்தில் 36, 37 கி.மீ. போய்விடலாம். இது மோசமே இல்லை.

இப்போது 130 கி.மீ. வேகத்துக்குப் போடுங்கள். தேவைப்படுவது 26 கிலோவாட்தான்! ஒரு டர்பைனே 70 தருகிறது. ஒன்று ஓடி பேட்டரியையும் நிரப்பிக்கொண்டு காரையும் தள்ளும், மற்றது சும்மா இருக்கும். ஒரே பெரிய டர்பைன் வைக்காமல் இரண்டு சிறியது ஏன் வைத்தார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது. எதையும் அரைச் சுமையில் ஓடவிடக் கூடாது. ஒன்று முழுதாக ஓட வேண்டும், இல்லையென்றால் நிற்க வேண்டும்.

ஆகவே கேலியாகச் சொல்லவில்லை. 140க்கு 580 என்பது தப்பான விகிதம் அல்ல, யோசித்து வைத்த விகிதம். ஆனால் விளம்பரத்தில் 778 மட்டும் பெரிய எழுத்தில் வந்தது, அதுதான் குறை.

---

லேத்பட்டறை

கோயமுத்தூரில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். வயர்கட், ஸ்பார்க் வேலைதான் (மின்பொறி பாய்ச்சி, மெல்லிய கம்பியால் உலோகத்தை வெட்டுவது) எங்கள் சோறு. கார் விஷயம் உங்கள் அளவுக்குத் தெரியாது, 80,000 சுற்று என்றதும்தான் உட்கார்ந்து படித்தேன்.

எங்களிடம் ஒரு ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) 24,000 சுற்றில் ஓடும். பேரிங் கொஞ்சம் தளர்ந்தால் போதும், பட்டறையின் அடுத்த கோடியில் நிற்கிறவனுக்குக் காது கூசும். மேஜை மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிரும். அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இது. சக்கரம் 10 செ.மீ. விட்டம் என்று வைத்தாலும் விளிம்பு வினாடிக்கு 400 மீட்டருக்கு மேல் ஓடும், ஒலியைவிட வேகம். அதைக் குழியிலும் மேட்டிலும் குலுங்குகிற ஒரு காருக்குள் வைப்பது என்றால் சாதாரணமா? பிளேடை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று யாருக்காவது தெரியுமா?

---

கவென்ட்ரி_சுதா

அண்ணா, டர்பைன் செய்தது எங்கள் ஊர்க்காரர்கள்தான், இங்கிலாந்தில் கவென்ட்ரியிலிருந்த பிளேடன் ஜெட்ஸ் நிறுவனம். பிளேடை ஒவ்வொன்றாகச் செய்து வட்டில் பொருத்தாமல், வட்டும் பிளேடும் ஒரே உலோகத் துண்டிலிருந்து வெட்டி எடுக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். பெரிய விமான இன்ஜினில் இருக்கிற பலஅடுக்கு அச்சுவழிக் காற்றழுத்தியை இத்தனை சிறிதாக்கியதுதான் அவர்கள் சாதித்தது.

இந்தக் கதைக்கு முன்கதை உண்டு. இங்கே கேய்டனில் இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ரோவர்-பிஆர்எம் என்று ஒரு டர்பைன் ரேஸ் கார் இருக்கிறது. 1963 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கிரகாம் ஹில்லும் ரிச்சி கின்தரும் ஓட்டினார்கள். டர்பைனுக்கு என்று தனி வகுப்பு இல்லாததால் காருக்கு 00 என்று எண் போட்டு, போட்டிக் கணக்குக்கு வெளியே ஓடவிட்டார்கள். 24 மணி நேரமும் தாங்கியது. 1965இல் வெளியேறும் சூட்டைத் திரும்பப் பிடித்து உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் அமைப்போடு மறுபடி வந்தார்கள். அந்தத் தடவை கிரகாம் ஹில்லும் ஜாக்கி ஸ்டூவர்ட்டும் பத்தாவது இடம். ரோவர் என்ற பெயரும் இன்றைக்கு டாடாவின் வீட்டில்தான் இருக்கிறது, பாருங்கள்.

அதே மியூசியத்தில் எக்ஸ்ஜே13 இருக்கிறது. 1966இல் ஜாகுவார் லெ மானுக்கென்று செய்த கார், வரைந்தவர் மால்கம் சேயர், பின்னால் 5 லிட்டர் வி12. ஒரே ஒரு கார்தான் செய்தார்கள், ஒரு பந்தயத்துக்கும் போகவில்லை. 1971இல் மிரா சோதனைத் தடத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் ஓட்டிக்கொண்டிருக்கையில் புரண்டு நொறுங்கியது. அவர் உயிரோடு வெளியே வந்தார். பிறகு காரை மறுபடி கட்டினார்கள். சி-எக்ஸ்75ஐ வரைந்த இயன் கேலம் குழுவுக்கு முன்மாதிரி அந்தக் கார்தான். முன் சக்கரத்தின் மேல் எழும் வளைவை ரூபன் அண்ணா சொன்னாரே, அது சேயரின் கோடு. கண்ணாடித் தடுப்பு எதுவும் இல்லாமல் எக்ஸ்ஜே13ஐப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நின்றால் அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கையை வைத்துத் தடவிப் பார்க்கத் தோன்றும். பக்கத்தில் ஆள் இருந்ததால் விட்டுவிட்டேன்.

---

நாலுசக்கரம்

எல்லாம் சரி, ஆனால் நான் நம்புவது ஓடுகிற காரை. 1,350 கிலோ என்று சொன்னார்களே, கூட்டிப் பாருங்கள். மோட்டார் ஒன்று 50 கிலோ, நான்குக்கு 200. பேட்டரி 230. டர்பைன் இரண்டும் 70. மொத்தம் 500 ஆயிற்று. மிச்சம் 850 கிலோவுக்குள் அலுமினிய உடல், கண்ணாடி, சஸ்பென்ஷன், முன்னால் 21 அங்குலம் பின்னால் 22 அங்குலச் சக்கரங்கள், பிரேக், மின்னணுப் பெட்டிகள், எரிபொருள், குளிரூட்டும் திரவம், விபத்துச் சோதனைக்கான தாங்கிகள் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. பிறகு நிஜமாகச் செய்த மாதிரிக் காரில் கார்பன் ஃபைபர் உடல் போட்டும் 1,700 கிலோ வந்தது. கான்செப்ட் காரின் எடையை நான் எப்போதும் நம்புவதில்லை.

அதேபோல் கிலோமீட்டருக்கு 28 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று ஒரு எண் போட்டார்களே, 778 குதிரைத்திறன் காருக்கு அது எப்படி வந்தது?

---

மின்கலம்

@நாலுசக்கரம் எடை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான்.

28 கிராம் பொய் இல்லை, அப்போதைய ஐரோப்பியச் சூத்திரத்தின் விளைவு. பிளக் மாட்டும் ஹைப்ரிட்டுக்கு அவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பேட்டரியில் எவ்வளவு தூரம் போகிறதோ அந்தத் தூரம், அதற்குப் பிறகு எரிபொருளில் 25 கி.மீ. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். சி-எக்ஸ்75க்குப் போட்டால் 110 கி.மீ. பூஜ்யம், அடுத்த 25 கி.மீ. புகை, மொத்தம் 135. சராசரி 28 வர வேண்டுமானால் டர்பைன் ஓடும்போது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 151 கிராம் வந்திருக்க வேண்டும். 330 கி.மீ. வேகம் போகிற காருக்கு 151 என்பதே பெருமைப்படக்கூடிய எண். அதை வெளியே சொல்லியிருக்கலாம். 28ஐப் பார்த்து யாரும் நம்பவில்லை, 151ஐச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று. 100க்கு 3.4 வினாடி என்பதைப் பார்த்து ‘இவ்வளவு குதிரைக்கு இது குறைவாயிற்றே’ என்று நினைக்கலாம். பக்கத்திலேயே இன்னொரு எண் கொடுத்திருந்தார்கள்: 80இலிருந்து 145க்கு 2.3 வினாடி. இரண்டையும் வகுத்துப் பாருங்கள். முதலாவது வினாடிக்கு வினாடி 8.2 மீட்டர் முடுக்கம், இரண்டாவது 7.9. ஏறக்குறைய ஒன்றேதான்! வழக்கமான கார் வேகம் கூடக்கூடச் சோர்ந்துபோகும். இது 145 வரைக்கும் நின்ற இடத்திலிருந்து பாய்ந்த அதே வேகத்தில் பாய்கிறது. தொடக்கத்தில் தடுப்பது மோட்டார் அல்ல, டயரின் பிடிமானம். முதுகில் கை வைத்துத் தள்ளுகிறவர் கையை எடுக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

---

வரைபலகை

இந்த 2.3ஐ நான் இத்தனை வருடம் கவனிக்கவில்லை. நன்றி.

இப்போது இரண்டாவது பாகம். 2011 மே மாதம் ஜாகுவார் அறிவித்தது: வில்லியம்ஸ் ஃபார்முலா 1 அணியோடு சேர்ந்து 250 கார் செய்கிறோம், விலை 7 லட்சத்திலிருந்து 9 லட்சம் பவுண்டு. ஆனால் டர்பைன் இல்லை. அந்த இடத்தில் 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ள, புகையால் சுழலும் டர்போவும் உண்டு, இன்ஜினே சுழற்றும் சூப்பர்சார்ஜரும் உண்டு. 10,000 சுற்றில் 500 குதிரைத்திறன். நான்கு மோட்டார் இரண்டாகக் குறைந்தது, முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று. எல்லாம் சேர்த்து 850க்கு மேல்.

டர்பைன் போனதில் எனக்கு வருத்தம் இருந்தது, இருக்கிறது. அதற்காகவே வரைந்த உடம்பு அது. உயிரை எடுத்துவிட்டு உடம்பை வைத்துக்கொண்ட மாதிரி.

---

நாலுசக்கரம்

இங்கேதான் நான் உங்களோடு முழுதாக முரண்படுகிறேன். எனக்கு அந்தக் கார் அப்போதுதான் உயிர் பெற்றது.

1.6 லிட்டரில் 500 குதிரை என்றால் லிட்டருக்கு 300க்கு மேல். தெருவில் ஓட வேண்டிய, சத்தச் சட்டம் புகைச் சட்டம் எல்லாம் தாண்ட வேண்டிய ஒரு இன்ஜினில்! கீழ்ச்சுற்றில் சூப்பர்சார்ஜர் மூச்சுக் கொடுக்கும். 5,500 சுற்றுக்குப் பக்கத்தில் அது கழன்றுகொள்ளும், பெரிய டர்போ பொறுப்பேற்கும். டர்போ எழும்புவதற்குள் வருகிற தொய்வை மின்மோட்டார் நிரப்பும். மூன்று பேர் மாறி மாறிப் பாரம் தூக்குகிற மாதிரி. முறுக்குவிசை மொத்தம் 1,000 நியூட்டன் மீட்டர், ஏழு கியர். 160 கி.மீ. வேகத்துக்கு 6 வினாடிக்குள். மின்சாரத்தில் மட்டும் 60 கி.மீ. போகும், கார்பன் டை ஆக்சைடு 89 கிராமுக்குக் கீழே.

918இல் பேட்டரி 6.8 கிலோவாட் மணிதான், தெரியுமா? இதில் 19. மற்ற மூன்றும் பெரிய இன்ஜினுக்கு மின்சாரத்தை ஊறுகாயாக வைத்தன. 918இல் 4.6 லிட்டர் வி8, பி1இல் 3.8 லிட்டர் இரட்டை டர்போ வி8, லாஃபெராரியில் 6.3 லிட்டர் வி12. ஜாகுவார் மட்டும்தான் சின்ன இன்ஜின், பெரிய பேட்டரி என்று போனது. இன்றைக்கு உலகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

டர்பைனை எடுத்துவிட்டு உடம்பை வைத்துக்கொண்டார்கள் என்கிறீர்கள். அந்த உடம்பு அப்படியே ஒன்றும் இருக்கவில்லை. 320 கி.மீ. வேகத்தில் 200 கிலோவுக்கு மேல் கீழழுத்தம் (காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை) வர வேண்டும் என்று வில்லியம்ஸ்காரர்கள் அடிப்பாகத்தையும் பின்பக்கத்தையும் மறுபடி யோசித்தார்கள். ஆனால் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாதபடி செய்தார்கள். அதைத்தான் நான் கைத்திறமை என்பேன்.

---

வரைபலகை

ஊறுகாய் உவமை பி1க்குக் கொஞ்சம் அநியாயம், அதை விடுங்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வேறு ஒரு பொறியை உள்ளே வைத்த பிறகும் அந்த உருவம் நின்றது என்றால், வரைந்தவர்கள் டர்பைனுக்காக மட்டும் வரையவில்லை என்றுதான் அர்த்தம். நடு இன்ஜின் காருக்கு எப்படியும் பின்னால் காற்று வேண்டும், குளிர்ச்சி வேண்டும். காற்றிலிருந்து தொடங்கியது எந்தப் பொறிக்கும் உதவியிருக்கிறது.

நான்கு மோட்டாரை இரண்டாக்கியதில்தான் இன்னும் மனம் ஒப்பவில்லை. சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியாக முறுக்கைக் கூட்டிக் குறைக்க முடியும் என்பதுதான் கான்செப்டில் ஓட்டுகிறவருக்குக் கிடைத்த பெரிய பரிசு. திருப்பத்தில் வெளிச்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் கார் தானாக உள்ளே திரும்பும்.

---

லாசப்பல்_ரூபன்

கடைசியில் என்ன நடந்தது என்று இளம்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2012 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். உலகப் பொருளாதாரம் சரியில்லாத நேரத்தில் இந்த விலைக்கு ஒரு காரைக் கொண்டுவருவது சரியாக வராது, காசை மற்ற மாடல்களில் போடுகிறோம் என்று காரணம் சொன்னார்கள். சோதனைக் கார்கள் கொஞ்சம்தான் மிஞ்சியது. அடுத்த வருஷமே போர்ஷே 918 ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 6 நிமிஷம் 57 வினாடியில் ஓடி முடித்தது. அந்தச் செய்தியை வாசிக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த வெள்ளிக் கார்தான். மேடையில் இருந்த மாதிரியே கண்ணுக்குள் நின்றது.

---

நாலுசக்கரம்

ரூபன் அண்ணா சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கிறது. அந்த வருடங்களில்தான் ஜாகுவார் எஃப்-டைப் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது, புதிய இன்ஜின் தொழிற்சாலைக்கும் காசு போட்டுக்கொண்டிருந்தது. 250 பேருக்கு விற்கிற காரா, ஆயிரக்கணக்கில் விற்கிற காரா என்று கேட்டால் கம்பெனி நடத்துகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? கோபம் வருகிறது, ஆனால் பழி போட முடியவில்லை.

---

புதுவண்டி

ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ரோமில் துரத்துகிற காட்சியில் வந்தது இந்தக் கார்தானா? அப்படியானால் நிறுத்தியும் எப்படி ஓடியது?

---

கவென்ட்ரி_சுதா

அதே உருவம், வேறு கார் தம்பி. 2015இல் வந்த அந்தப் படத்துக்கென்று வில்லியம்ஸ் தனியாகச் சண்டைக்காட்சிக் கார்கள் செய்து கொடுத்தது. உள்ளே குழாய்ச் சட்டம், ஜாகுவாரின் 5 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி8. மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. படிக்கட்டில் இறங்கவும் சறுக்கவும் அதுதான் தோது.

இயன் கேலம் பிறகு ஜாகுவாரை விட்டு வந்து வாரிக் நகரத்தில் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். 2024இல் அந்தப் படக் கார்களில் ஒன்றை அவர்களே எடுத்து, தெருவில் ஓட்டச் சட்டப்படி அனுமதி கிடைக்கும் அளவுக்குச் சரிசெய்து கொடுத்தார்கள். கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் மறுபடி பொருத்தமாக்கினார்கள். தான் வரைந்த கார் தெருவில் நம்பர் பிளேட்டோடு போவதைப் பார்க்க அந்த மனிதர் பதினாலு வருடம் காத்திருந்திருக்கிறார். ஹைப்ரிட்டாக இல்லையே என்ற குறை எனக்கும் உண்டு. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது மனசு நிறைந்தது.

---

லேத்பட்டறை

அக்கா, டர்பைன் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லையே. அந்த ஒற்றைத் துண்டு வட்டு வேலை அப்படியே நின்றுபோயிற்றா?

---

கவென்ட்ரி_சுதா

உடனே நிற்கவில்லை அண்ணா. காருக்குப் போகாமல் தரைக்குப் போனார்கள். செல்போன் கோபுரங்களுக்கு டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாக வைக்க 12 கிலோவாட் டர்பைன் ஜெனரேட்டர் ஒன்றைச் செய்தார்கள். ஆள் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் ஒரே சுமையில் ஓட வேண்டிய வேலை, மின்கலம் சொன்ன அந்த நல்ல குணத்துக்கு ஏற்ற இடம்.

---

லேத்பட்டறை

ஒரே சுமை, ஒரே சுதி. சரியான இடம்தான்.

அந்த வட்டின் படம் யாரிடமாவது கிட்டத்தில் எடுத்தது இருந்தால் போடுங்கள். பிளேடுக்கும் பிளேடுக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எங்கள் மிஷினில் 0.25 மில்லிமீட்டர் கம்பிதான் ஓடுகிறது. அதில் முடியுமா, 0.1 போட வேண்டுமா என்று தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை மிஷின் சும்மா இருக்கும்போது ஒரு அலுமினியத் துண்டில் வெட்டிப் பார்க்கிறேன்.